எட்டாயிரம் சுற்றின் விலை

பழைய கார் விளம்பரங்களைப் பார்த்துப் பழகியவர்களுக்கு ஒரு சந்தேகம் எழாமல் இருக்காது. பத்துப் பன்னிரண்டு வருடங்களுக்கு முன்னால் பெரும் பணக்காரர்கள் மட்டுமே வாங்கிய கார் ஒன்று, இப்போது ஒரு சாதாரணக் குடும்பக் காரின் விலைக்கு நிற்கிறது. பெயின்ட் மங்கவில்லை. தோல் இருக்கை கிழியவில்லை. சாவியைத் திருப்பினால் அதே உறுமல். ஓடிய தூரமும் அப்படியொன்றும் அதிகமில்லை. அழகும் வேகமும் குறையாதபோது விலை மட்டும் ஏன் இப்படி விழுந்தது?

"பராமரிக்கச் செலவு அதிகம்" என்பார்கள். சரிதான், ஆனால் அது கேள்வியைத் தள்ளிப்போடும் பதில். ஏன் அதிகம்? கம்பெனிக்காரர்கள் உதிரி பாகங்களுக்கு அநியாய விலை வைக்கிறார்கள் என்று மட்டும் சொல்லிவிட்டால், அதே கம்பெனியின் சாதாரண கார்களில் வராத கோளாறுகள் வேகக் கார்களில் ஏன் வருகின்றன என்பதற்கு விளக்கம் கிடைக்காது. அந்த விளக்கம் இயற்பியலில் இருக்கிறது.

இந்த அத்தியாயம் முழுவதும் ஒரே காரோடு இருக்கப்போகிறோம். பிஎம்டபிள்யூவின் எம்3. அதிலும் 2000 முதல் 2006 வரை தயாரான, 'இ46' என்ற குறிப்பெயர் கொண்ட தலைமுறை. 2001இல் அமெரிக்காவில் புதிதாக வாங்க ஏறத்தாழ 46,000 டாலர் ஆனது. பதினைந்து வருடம் கழித்து, நன்றாக ஓடிக்கொண்டிருந்த கார்களே 15,000 டாலர் அளவுக்கு இறங்கியிருந்தன. இந்தக் காரை எடுத்துக்கொள்ள ஒரு காரணம் உண்டு. இதன் எஞ்சினை உலகம் முழுக்க ஆயிரக்கணக்கான மெக்கானிக்குகள் பிரித்துப் பார்த்துவிட்டார்கள். எங்கே தேயும், எது உடையும், ஏன் உடையும் என்பதெல்லாம் இந்தக் காரில் தெளிவாகத் தெரியும்.

கூடுதல் சக்தி எங்கிருந்து வந்தது

எம்3இன் சாதாரண உடன்பிறப்பு ஒன்று உண்டு: 330ஐ. அதே உடல், அதே காலம், அதிலும் ஆறு சிலிண்டர். அதன் எஞ்சின் கொள்ளளவு 2,979 சிசி, சக்தி 231 குதிரைத்திறன். எம்3இன் எஞ்சின் 3,246 சிசி, சக்தி 343 குதிரைத்திறன். இரண்டிலும் டர்போ கிடையாது.

கொள்ளளவு கூடியது ஒன்பது சதவீதம்தான். சக்தியோ ஏறக்குறைய ஐம்பது சதவீதம் கூடியிருக்கிறது. மீதி எங்கிருந்து வந்தது? எஞ்சின் சுற்றும் வேகத்திலிருந்து. 330ஐ தன் முழுச் சக்தியை நிமிடத்துக்கு 5,900 சுற்றில் தருகிறது, எம்3 7,900 சுற்றில். சுற்று 34 சதவீதம் அதிகம். கொள்ளளவின் 1.09 மடங்கையும் சுற்றின் 1.34 மடங்கையும் பெருக்கிப் பாருங்கள், 1.46 வரும். சக்தி கூடியது 1.48 மடங்கு. ஏறக்குறைய மொத்தமும் இந்த இரண்டில் அடங்கிவிட்டது.

ஆக, எம்3இன் ஒவ்வொரு வெடிப்பும் 330ஐயின் வெடிப்பைவிடப் பெரிய அளவில் வலுவானது அல்ல. அதே அளவு தள்ளலை நிமிடத்துக்கு அதிக முறை தள்ளுகிறது, அவ்வளவுதான். கேட்பதற்குச் சாதுவாக இருக்கும் இந்தச் சின்ன மாற்றத்திலிருந்துதான் பின்னால் வரும் பில்களில் பாதி பிறக்கிறது.

பிஸ்டனை நிறுத்தும் வேலை

பிஸ்டன் சிலிண்டருக்குள் மேலும் கீழும் போய்வருவது. எம்3இல் அது ஒருமுறை கடக்கும் தூரம் 91 மில்லிமீட்டர், நம் விரல் நீளத்தைவிடச் சற்று அதிகம். எஞ்சினின் உச்ச வரம்பான 8,000 சுற்றில், நொடிக்கு 133 தடவை மேலே போய்க் கீழே வருகிறது. மேல் முனையில் ஒருமுறை, கீழ் முனையில் ஒருமுறை முழுதாக நின்று திரும்ப வேண்டும். அப்படியானால் நொடிக்கு 266 முறை நிற்கிறது. நடுவழியில் அதன் வேகம் மணிக்கு 140 கிலோமீட்டரைத் தொடுகிறது. ஒரு சாணுக்கும் குறைவான தூரத்துக்குள் பூஜ்யத்திலிருந்து 140, மறுபடி பூஜ்யம்.

அந்த வேகத்தில் போகும் உலோகத் துண்டை யார் பிடித்து நிறுத்துவது? கனெக்டிங் ராடு. பிஸ்டனையும் கீழே சுழலும் கிராங்க் ஷாஃப்டையும் இணைக்கும் கை அது. மேல் முனையில் பிஸ்டனை நிறுத்தத் தேவைப்படும் இழுவிசை, புவியீர்ப்பைப்போல நாலாயிரம் மடங்குக்கும் மேல். அரை கிலோ எடையுள்ள பொருள் அந்தக் கணத்தில் இரண்டு டன்னுக்கு மேல் எடை கொண்டதுபோல் இழுக்கும். பெட்ரோல் வெடிக்கும் விசையை இன்னும் நாம் கணக்கில் எடுக்கவே இல்லை. பிஸ்டன் சும்மா போய்வருவதற்கே இந்த இழுப்பு.

இதில் மனதில் நிறுத்த வேண்டிய ஒரு விஷயம் உண்டு. சுற்று இரண்டு மடங்கானால் இந்த இழுவிசை இரண்டு மடங்காவதில்லை, நாலு மடங்காகிறது. 330ஐயின் உச்ச வரம்பு 6,500. அங்கிருந்து 8,000க்குப் போகும்போது சுற்று கால் பங்குகூடக் கூடவில்லை. விசையோ பாதிக்கு மேல் கூடிவிடுகிறது. சக்தி நேர் விகிதத்தில் ஏறுகிறது, சுமை வர்க்கத்தில் ஏறுகிறது. வேகக் காரின் செலவுக் கணக்கை ஒரே வரியில் சொல்லச் சொன்னால் நான் இதைத்தான் சொல்வேன்.

இரும்பைத் தாங்கும் எண்ணெய்

இரண்டு டன் இழுப்பைக் கனெக்டிங் ராடு கிராங்க் ஷாஃப்டுக்குக் கடத்த வேண்டும். கிராங்க் ஷாஃப்ட் சுழன்றுகொண்டிருக்கிறது. இரண்டு உலோகங்களும் நேரடியாக உரசினால் சில நொடிகளில் உருகி ஒட்டிக்கொள்ளும். அதனால் நடுவில் பேரிங் எனப்படும் மெல்லிய உலோகப் பட்டை ஒன்றை வளைத்து வைத்திருக்கிறார்கள். இதில் குண்டுகள் உருளுவதில்லை. வழவழப்பான இரண்டு அரை வளையங்கள், அவ்வளவே. உண்மையில் சுமையைத் தாங்குவது அந்த வளையமும் அல்ல, வளையத்துக்கும் ஷாஃப்டுக்கும் நடுவே இருக்கும் எண்ணெய்.

எண்ணெய் வழுக்கும், உராய்வைக் குறைக்கும் என்பது மாட்டு வண்டி அச்சுக்கு மசகு போட்ட காலத்திலிருந்தே தெரியும். அது சுமையைத் தூக்கும் என்பது 1883இல்தான் தெரியவந்தது. இங்கிலாந்தில் போஷாம்ப் டவர் என்ற பொறியாளர் ரயில் அச்சுகளின் பேரிங்குகளில் உராய்வை அளந்துகொண்டிருந்தார். எண்ணெய் ஊற்றுவதற்காகப் பேரிங்கின் உச்சியில் ஒரு துளை போட்டார். எண்ணெய் உள்ளே போவதற்குப் பதிலாக வெளியே பொங்கியது. தக்கை வைத்து அடைத்தார், அது பிதுங்கி வந்துவிட்டது. மரக்கட்டையை அடித்து இறுக்கினார், அதையும் எண்ணெய் தள்ளிவிட்டது. கடைசியில் அழுத்தமானியை மாட்டிப் பார்த்தபோது, பேரிங்கின் மேலிருந்த சராசரி அழுத்தத்தைப்போல இரண்டு மடங்குக்கு மேல் முள் ஏறியது. சுழலும் அச்சு, மேலிருந்த சுமை முழுவதையும் எண்ணெயின் மேல் ஏற்றி மிதக்கவிட்டிருந்தது.

ஏன் இப்படி என்பதை மூன்று வருடம் கழித்து ஆஸ்பர்ன் ரெனால்ட்ஸ் விளக்கினார். சுமையின் கீழ் ஷாஃப்ட் துளையின் நடுவில் நிற்காது, கொஞ்சம் ஒருபக்கமாக ஒதுங்கும். அதனால் இடைவெளி ஒரு புறம் அகலமாகவும் மறுபுறம் குறுகலாகவும் ஆப்பு வடிவில் அமைகிறது. சுழலும் ஷாஃப்ட் எண்ணெயை அந்த ஆப்புக்குள் இழுத்துச் செலுத்துகிறது. குறுகிய இடத்தில் நெருக்கப்பட்ட எண்ணெய், ஷாஃப்டைத் தூக்குகிறது. மழைத் தண்ணீர் தேங்கிய சாலையில் வேகமாகப் போகும் கார் டயர், தரையைத் தொடாமல் தண்ணீரின் மேல் ஏறி வழுக்குமே, அதே நிகழ்வு. சாலையில் அது ஆபத்து, எஞ்சினுக்குள் அதுதான் உயிர். இனி இதை எண்ணெய்ப் படலம் என்றே சொல்வோம்.

எம்3இன் பேரிங்கில் ஷாஃப்டுக்கும் வளையத்துக்கும் உள்ள இடைவெளியே மில்லிமீட்டரில் நூறில் சில பங்கு. சுமை உச்சத்தில் இருக்கும்போது படலத்தின் மிக மெல்லிய இடம், தலைமுடியின் தடிமனில் ஐம்பதில் ஒன்று என்ற அளவுக்கு வந்துவிடும். அந்த மெல்லிய படலம்தான் நொடிக்கு நூற்று முப்பத்துச் சொச்சம் தடவை இரண்டு டன்னைத் தாங்குகிறது. எனக்கு இந்த எஞ்சின்மேல் பெரிய மரியாதை ஏற்பட்டது இந்த ஓர் அளவைத் தெரிந்துகொண்ட பிறகுதான்.

படலம் நிலைக்க எண்ணெய் சரியான கெட்டித்தன்மையில் இருக்க வேண்டும். குளிர்ந்த எண்ணெய் கெட்டியாக இருக்கும், குறுகிய வழிகளுக்குள் தாமதமாகத்தான் போய்ச்சேரும். மிகச் சூடானால் நீர்த்துப்போய்ப் படலம் மெலியும். இந்த எஞ்சினுக்கு பிஎம்டபிள்யூ சொல்லும் 10டபிள்யூ-60 எண்ணெய், 40 டிகிரியிலிருந்து 100 டிகிரிக்குப் போகும்போது ஏறக்குறைய ஏழில் ஒரு பங்கு கெட்டித்தன்மைக்கு இறங்கிவிடுகிறது. எம்3இன் சுற்றுமானியைச் சுற்றிச் சின்னச் சின்ன விளக்குகள் உண்டு. எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது அவை எரிந்து, இந்த எல்லைக்கு மேல் போகாதே என்று காட்டும். எண்ணெய் சூடாகச் சூடாக ஒவ்வொன்றாக அணையும். அழகுக்கு வைத்தது என்று நினைத்தவர்கள் பலர். எஞ்சினைக் குளிர்விக்கும் கூலண்டின் வெப்பத்தைக் காட்டும் முள் நடுவுக்கு வந்ததும் எஞ்சின் சூடாகிவிட்டது என்று எண்ணி ஆக்சிலரேட்டரை மிதிப்பவர்கள் அதைவிடப் பலர். எண்ணெய் சூடாவதற்கு அதன் பிறகும் பல நிமிடங்கள் வேண்டும்.

2003இல் நடந்தது

முதல் சில வருடங்களில் விற்ற எம்3களில் கனெக்டிங் ராடு பேரிங்குகள் கெட்டுப்போய் எஞ்சின்கள் உடைந்தன. பேரிங் தேய்ந்தால் இடைவெளி அகலும், படலம் கலையும், உலோகம் உலோகத்தில் அடிக்கும். சில சமயம் ராடு முறிந்து எஞ்சின் பிளாக்கைத் துளைத்துக்கொண்டு வெளியே வந்துவிடும். 2003இல் பிஎம்டபிள்யூ அதுவரை தயாரித்த கார்களைப் பணிமனைக்குத் திரும்ப அழைத்துப் பேரிங்குகளை மாற்றிக் கொடுத்தது. அமெரிக்காவில் எஞ்சினுக்கான உத்தரவாதத்தை ஆறு வருடம் அல்லது ஒரு லட்சம் மைல் வரை நீட்டியது. தொடக்கத்தில் சில கார்களுக்கு மெல்லிய 5டபிள்யூ-30 எண்ணெய் ஊற்றப்பட்டிருந்தது. அதுவும் 10டபிள்யூ-60க்கு மாறியது.

கோளாறு அத்தோடு தீர்ந்துவிட்டதா? திடீர் உடைவுகள் பெருமளவு குறைந்தன. தேய்மானம் நிற்கவில்லை. புதிய பேரிங் போட்ட கார்களிலும் ஒரு லட்சத்து சொச்சம் கிலோமீட்டரில் திறந்து பார்த்தால் தேய்ந்திருந்தது. அந்தப் பேரிங்கின் அமைப்பே தேய்மானத்தைக் காட்டிக்கொடுக்கும். அடியில் எஃகு, அதற்கு மேல் செம்பும் ஈயமும் கலந்த அடுக்கு, எல்லாவற்றுக்கும் மேலே ஈயமும் வெள்ளீயமும் சேர்ந்த மென்மையான சாம்பல் நிறப் பூச்சு. மேல் பூச்சு வேண்டுமென்றே மென்மையாக வைக்கப்பட்டது. எண்ணெயில் வரும் தூசித் துகளைத் தன்னுள் புதைத்துக்கொண்டு ஷாஃப்டைக் கீறலிலிருந்து காப்பாற்றும். அது தேய்ந்து முடிந்தால் அடியிலிருக்கும் செம்பு நிறம் எட்டிப்பார்க்கும். கழற்றிய பேரிங்கில் செம்பு தெரிந்தால், கார் எவ்வளவு நெருக்கத்தில் வந்து தப்பியது என்று புரியும்.

கழற்றாமலே பார்க்கவும் வழி உண்டு. எண்ணெய் மாற்றும்போது சிறு மாதிரியை ஆய்வகத்துக்கு அனுப்பலாம். பத்து லட்சத்தில் எத்தனை பங்கு ஈயம், எத்தனை பங்கு செம்பு என்று எழுதிக் கொடுப்பார்கள். ஒருமுறை எடுத்த அளவு பெரிதாக எதையும் சொல்லாது. மூன்று நான்கு மாதிரிகளை வரிசையாக வைத்து ஈயம் ஏறுகிறதா என்று பார்ப்பதுதான் பயன். காதுக்குக் கேட்கும் வரை காத்திருப்பவருக்கு எதுவும் மிஞ்சாது. பேரிங் தட்டும் சத்தம் வெளியே கேட்கும்போது படலம் ஏற்கெனவே போய்விட்டது.

இந்தப் பேரிங்கைக் கொஞ்சம் பெரிதாகச் செய்திருக்கலாமே என்று கேட்கலாம். பெரிய பேரிங்குக்குப் பெரிய ராடு வேண்டும். பெரிய ராடு என்றால் எடை கூடும், எடை கூடினால் விசை கூடும். உராய்வும் கூடும், 8,000 சுற்று எட்டாது. எந்தப் பொறியாளரும் ஒரு பாகத்துக்குத் தேவையான வலிமையைவிடக் கொஞ்சம் அதிகமாகவே கொடுத்து வைப்பார். அந்த உபரியைக் கையிருப்பு வலிமை என்று சொல்லலாம். சாதாரண காரில் அந்தக் கையிருப்பு தாராளமாக இருக்கும். எண்ணெய் மாற்ற மறந்தாலும், குளிரில் விரட்டினாலும் அது பொறுத்துக்கொள்ளும். வேகக் காரில் அந்தக் கையிருப்பைத்தான் எடுத்து வேகமாக மாற்றியிருக்கிறார்கள். குறை வடிவமைப்பில் இல்லை, வாங்கியவர் கேட்டதே அதுதான்.

இதே கம்பெனி பின்னால் கொண்டுவந்த 2005ஆம் வருடத்து எம்5இன் பத்து சிலிண்டர் எஞ்சினிலும், 2007ஆம் வருடத்து எம்3இன் எட்டு சிலிண்டர் எஞ்சினிலும் இதே பேரிங்தான் மறுபடி பேச்சானது. அந்த எட்டு சிலிண்டர் எஞ்சின் தன் முழுச் சக்தியை 8,300 சுற்றில் தருகிறது.

கிழியும் பின்தளம்

எஞ்சினை விட்டுக் காரின் பின்புறத்துக்கு வருவோம். அங்கே நடப்பது வேறு வகை.

எம்3இன் எஞ்சின் தரும் அதிகபட்ச முறுக்கு, ஒரு மீட்டர் நீளக் கம்பியின் நுனியில் 37 கிலோவைத் தொங்கவிட்ட அளவு. முதல் கியரும், எஞ்சினின் சுழற்சியைப் பின்சக்கரங்களுக்குப் பிரித்துக் கொடுக்கும் டிஃபரன்ஷியலும் சேர்ந்து அதைப் பதினைந்து மடங்காக்குகின்றன. சக்கரத்துக்கு வரும்போது அதே நுனியில் 570 கிலோ. சக்கரத்தை ஒரு பக்கமாக முறுக்கும் டிஃபரன்ஷியல், தானும் எதிர்ப்பக்கமாக அதே அளவு முறுகப் பார்க்கும். அதைப் பிடித்து நிறுத்த வேண்டியது அதைத் தாங்கும் சட்டம். அந்தச் சட்டம் காரின் அடித்தளத் தகட்டில் நான்கே இடங்களில் மாட்டப்பட்டிருக்கிறது. ஒவ்வொரு முறை கிளட்ச்சை விட்டுக் கிளம்பும்போதும், ஒவ்வொரு முறை ஆக்சிலரேட்டரைத் திடீரென்று விடும்போதும், அந்த நான்கு இடங்களிலும் தகடு கண்ணுக்குத் தெரியாத அளவுக்கு மேலும் கீழும் வளைகிறது.

ஒரே ஒரு முறை அந்த விசை வந்தால் தகட்டுக்கு ஒன்றும் ஆகாது. லட்சம் முறை வந்தால் ஆகும். 1850களிலும் 60களிலும் பிரஷ்யாவில் ரயில் அச்சுகள் ஏன் முறிகின்றன என்று ஆராய்ந்த அகஸ்ட் வோலர் கண்டுபிடித்தது இதைத்தான். உடைக்கத் தேவையானதைவிட மிகக் குறைந்த விசையே திரும்பத் திரும்ப வந்தால் உலோகம் விரிசல் விடும். இதற்கு உலோகச் சோர்வு என்று பெயர். விரிசல் முதலில் வெல்டிங் வைத்த இடத்தின் ஓரத்தில் தொடங்கும். அங்கேதான் விசை குவியும். பிறகு மெல்ல நீளும். முற்றிய கார்களில் மாட்டும் இடம் தகட்டோடு பிய்ந்து வந்திருக்கிறது.

இந்தக் கோளாறு எம்3க்கு மட்டும் உரியதல்ல, இதே உடலைக் கொண்ட சாதாரண இ46 கார்களிலும் வந்தது. எம்3இல் முறுக்கும் அதிகம், அதை விரட்டியவர்களும் அதிகம். சரிசெய்ய டிஃபரன்ஷியலையும் சட்டத்தையும் முழுதாகக் கீழே இறக்கி, விரிசலின் நுனியில் துளையிட்டு அது மேலும் ஓடாமல் நிறுத்தி, வெல்டிங் செய்து, மேலே தடித்த எஃகுத் தகடு வைத்து மூட வேண்டும். பாகங்களின் விலை பெரிதல்ல. நாள்கணக்கான கைவேலைதான் பில்லை ஏற்றும். தொடக்கத்திலேயே பிடித்தால் ஒரு தொகை, பிய்ந்த பிறகு பிடித்தால் அதைப்போல இரண்டு மடங்கு.

ஓடாமல் நின்ற கார்

ஓடிய தூரம் குறைவு என்றால் கார் நல்லது என்று நம்பிக்கை இருக்கிறது. உலோகத்துக்கு அது ஓரளவு பொருந்தும். ரப்பருக்கும் பிளாஸ்டிக்குக்கும் பொருந்தாது. அவை வயதால் கெடுகின்றன. வெப்பமும் ஆக்சிஜனும் அவற்றின் நீண்ட மூலக்கூறுச் சங்கிலிகளைச் சிதைக்கின்றன, ரப்பர் இறுகி வெடிக்கிறது. வெப்பநிலை பத்து டிகிரி ஏறினால் இந்த வேதிவினை ஏறக்குறைய இரட்டிப்பு வேகத்தில் நடக்கும் என்பது பொதுவான விதி. சக்தி அதிகமான எஞ்சின் வெளியிடும் வெப்பமும் அதிகம், அதை நெருக்கமான பானெட்டுக்குள் அடைத்தும் வைத்திருக்கிறார்கள்.

இ46இன் ரேடியேட்டர் ஓரங்களும் கூலண்ட் தொட்டியும் பிளாஸ்டிக். பத்து வருடத்தில் அவை விரிசல் விடுவது எதிர்பார்க்க வேண்டியதே. எம்3இல் வால்வுகள் திறக்கும் நேரத்தை ஓட்டத்துக்கு ஏற்ப மாற்றும் 'வானோஸ்' என்ற கருவி உண்டு. அது நூறு பாருக்கு மேற்பட்ட எண்ணெய் அழுத்தத்தில் வேலை செய்கிறது. அதன் ரப்பர் வளையங்கள் இறுகினால் அழுத்தம் கசியும், குறைந்த சுற்றில் எஞ்சின் தடுமாறும். அதைவிடப் பெரிய கவலை, அதன் எண்ணெய் பம்பை ஓட்டும் இரண்டு சிறு உலோக நாக்குகள். அவை நுழையும் துளையில் கொஞ்சம் தளர்வு இருக்கும். அந்தத் தளர்வில் அடிபட்டு அடிபட்டு நாக்கு முறிந்து எஞ்சினுக்குள் விழும். இதுவும் உலோகச் சோர்வுதான்.

வால்வுகளைப் பற்றிச் சுருக்கமாக ஒன்று. பல கார்களில் வால்வு இடைவெளியை எண்ணெய் அழுத்தமே தானாகச் சரிசெய்துகொள்ளும். எம்3இல் அதிக சுற்றுக்காக அந்த ஏற்பாட்டை நீக்கிவிட்டார்கள். மெக்கானிக் கையால் அளந்து, உள்வால்வுக்கு 0.18 முதல் 0.23 மி.மீ., வெளிவால்வுக்கு 0.28 முதல் 0.33 மி.மீ. வரும்படி சின்னத் தகடுகளை மாற்றி வைக்க வேண்டும். மொத்தம் 24 வால்வுகள். இதைக் குறிப்பிட்ட இடைவெளியில் திரும்பத் திரும்பச் செய்தாக வேண்டும்.

ஒரு காரின் கணக்கு

இப்போது ஒரு கற்பனைக் காரை வாங்குவோம். 2002ஆம் வருடத்து எம்3, 1,20,000 கிலோமீட்டர் ஓடியது, வாங்கிய வருடம் 2015, விலை 15,000 டாலர். பழைய பில் எதுவும் கையில் இல்லை. அமெரிக்காவில் கம்பெனி ஷோரூமுக்குப் போகாமல், இந்த வகைக் கார்களைத் தெரிந்த தனி மெக்கானிக்கிடம் போகிறோம் என்று வைத்துக்கொள்ளுங்கள். தொகைகள் எல்லாம் உத்தேசமானவை, ஊருக்கு ஊர் மாறும்.

ராடு பேரிங்குகளுக்கு 2,000. பின்தளத்தில் விரிசல் தொடங்கியிருக்கிறது, 3,000. வானோஸைப் பிரித்துச் சரிசெய்ய 1,500. ரேடியேட்டர், தொட்டி, குழாய்கள், தண்ணீர் பம்ப் 1,000. ஷாக் அப்சார்பர்கள், சஸ்பென்ஷன் ரப்பர் புஷ்கள் 2,500. இதுவரை 10,000. அடுத்த மூன்று வருட ஓட்டத்தில் இரண்டு செட் டயர் 2,000, பிரேக் தட்டுகளும் பேடுகளும் 1,200, வால்வு சரிசெய்ய 500, எண்ணெய்க்கு 600. அது 4,300. ஆகமொத்தம் 14,300 டாலர். காரின் விலையை ஏறக்குறைய மறுபடி ஒருமுறை கொடுத்திருக்கிறோம்.

இந்த இரண்டு தொகைகளும் ஒரே இனம் அல்ல. 4,300 நாம் ஓட்டியதற்கான செலவு. முதல் 10,000 நமக்கு முன்னால் ஓட்டியவர்கள் செய்யாமல் விட்ட வேலை. அவர்கள் பதிமூன்று வருடத்தில் பிரித்துச் செய்திருந்தால் வருடத்துக்கு ஏறக்குறைய 770 டாலர்தான். யாரும் செய்யவில்லை, ஏனென்றால் ஒவ்வொருவரும் கார் நன்றாக ஓடுகிறதே என்று பார்த்தார்கள். பேரிங்கும் பின்தளமும் கடைசி நாள் வரை நன்றாகத்தான் ஓடும்.

பேரிங்குக்கு 2,000 கொடுக்கத்தான் வேண்டுமா? எஞ்சின் உடைந்தால் மாற்ற 15,000 ஆகும் என்று வைப்போம். நாம் வைத்திருக்கும் காலத்தில் அது உடைய ஏழில் ஒரு வாய்ப்பு இருந்தாலே, முன்கூட்டி மாற்றுவது லாபம். பழைய பில் இல்லாத, யார் எப்படி விரட்டினார்கள் என்று தெரியாத காரில் அந்த வாய்ப்பு அதைவிடக் குறைவு என்று என்னால் நம்ப முடியவில்லை. நான் மாற்றிவிடுவேன். கிராங்க் ஷாஃப்டைக் கழற்றாமல், முன்பக்கச் சட்டத்தை இறக்கி, எண்ணெய்த் தொட்டியைத் திறந்து கீழிருந்தே மாற்றலாம். ஆறு ராடுகளுக்கும் புது போல்ட்டுகள் கட்டாயம். ஒருமுறை முறுக்கி இழுபட்ட போல்ட், அதே இறுக்கத்தை மறுபடி தராது.

விலை விழுவதும் ஏறுவதும்

இனி தொடக்கத்தில் எழுந்த சந்தேகத்துக்கு வரலாம். காரின் விலை இறங்கியது. அதன் பேரிங்கின் மேல் வரும் விசை இறங்கவில்லை. உதிரி பாகங்களும் 46,000 டாலர் காருக்காகச் செய்யப்பட்டவை, அவற்றின் விலை 15,000க்கு ஏற்பக் குறையாது. புதிதாக வாங்கியவருக்கு வருடம் 2,000 டாலர் செலவு என்பது காரின் மதிப்பில் நாலு சதவீதம். மூன்றாவது கையாக வாங்கியவருக்கு அதே தொகை பதிமூன்று சதவீதம். அவர் வருமானமும் முதல் ஆளுடையதைவிடக் குறைவாகத்தான் இருக்கும். அதனால் வேலையைத் தள்ளிப்போடுகிறார். தள்ளிப்போட்ட வேலை காரில் சேர்கிறது. அடுத்து வாங்குகிறவர் அதைக் கணக்கிட்டு விலையைக் குறைத்துக் கேட்கிறார். விலை இன்னும் இறங்க, அதைவிடச் சின்னக் கையிருப்பு உள்ளவரிடம் கார் போய்ச்சேர்கிறது. நல்ல கார்கள் பல இந்தச் சுழலில்தான் அழிந்தன. உடைந்து அழிந்ததைவிட, சரிசெய்வது காரின் விலையைவிடக் கூடிப்போய் அழிந்தவையே அதிகம் என்று நினைக்கிறேன்.

எம்3 இந்தச் சுழலிலிருந்து மீண்டது. நல்ல நிலையில் இருந்தவை குறைந்ததும், டர்போ இல்லாமல் 8,000 சுற்று எட்டும் எஞ்சின்கள் புதிய கார்களில் அருகியதும், தேடிச் சேர்ப்பவர்கள் வந்தார்கள், விலை ஏறியது. விலை ஏறியதும் 3,000 டாலர் கொடுத்துப் பின்தளத்தை வெல்டிங் செய்வது அர்த்தமுள்ளதாகிவிட்டது. இப்போது விற்பவரே பேரிங் மாற்றிய பில், எண்ணெய் ஆய்வறிக்கை, பின்தளத்தின் போட்டோ எல்லாவற்றையும் கோப்பாகக் கொண்டுவந்து வைக்கிறார். பில் இல்லாத மலிவான கார் ஒன்றும், 10,000 டாலருக்கு வேலை செய்த பில்லோடு 7,000 அதிகம் கேட்கும் கார் ஒன்றும் பக்கத்தில் பக்கத்தில் நின்றால், இரண்டாவதுதான் மலிவு.

பார்க்கப் போகிறவர் காலையில், கார் முழுக்க ஆறியிருக்கும்போது போக வேண்டும். முதல் நாளே சொல்லிவிட வேண்டும், நான் வரும்வரை ஸ்டார்ட் செய்யாதீர்கள் என்று. ஆறிய எஞ்சின் முதல் முறை உயிர்பெறும்போது வானோஸின் கடகடப்பும் தளர்ந்த வால்வின் சத்தமும் மறைக்க முடியாமல் கேட்கும். பிறகு லிஃப்டில் ஏற்றி, டார்ச் அடித்து, நான்கு மாட்டும் இடங்களையும் பார்க்க வேண்டும். போய்ச்சேரும்போது பானெட் ஏற்கெனவே சூடாக இருந்தால், அன்றைக்குப் பேரம் பேசாமல் இன்னொரு காலையைக் கேட்டு வாங்கிக்கொண்டு திரும்பிவிடலாம்.